கருவி வாங்கும் காலம் எது?

(பேராக் மாநிலத் தோட்டப்புற மக்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏற்படும் சிறு பழுதுகளை நாமே சரிசெய்துகொள்ளக் கருவிகள் வாங்கலாமா? வாங்குவதாயின் எப்பொழுது வாங்குவது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால், விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் வண்டி கிளம்பாமற்போனால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். குளிர்ந்த வேளையில் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறிய பின் சீவும் மரம் குறைவாகவே தரும். ஒரு திருகாணி தளர்ந்ததால் அன்றைய வருமானம் குறைந்து போகிறது. மறுபுறம், விற்பனையாளரின் பேச்சில் மயங்கித் தவணையில் வாங்கிய பெரிய கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தவணைப் பணம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வெளியேறுகிறது. வேண்டியபோது கருவி இல்லாமையும் நட்டம். வேண்டாத கருவி வீட்டில் இருப்பதும் நட்டம்.

நம் தொழிலே காட்டும் பாடம்

கருவியின் அருமையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டில் நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. எனினும், கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுக்கும் பிரேசில் நாட்டுக் காட்டுமுறை மரத்தைப் பெரிதும் காயப்படுத்துவதாக இருந்தது. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். மரம் பல்லாண்டு பயன் தரத் தொடங்கியது. இன்றும் மழுங்கிய கத்தி பட்டையை வீணாக்கும், மரத்தில் காயத்தை உண்டாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கத்தியை நீங்களே தீட்டிக்கொள்கிறீர்கள். அதனைப் பிறர் கையில் எளிதில் கொடுப்பதுமில்லை. மரத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை வீட்டுக்கும் வண்டிக்கும் காட்டினால் போதும்.

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, ஒரு செயலில் இறங்குமுன் எண்ண வேண்டியவை ஐந்து என்கிறார். செய்யும் வேலை, அதற்குரிய கருவி, கையிலுள்ள பணம், ஏற்ற காலம், தகுந்த இடம் என்பவையே அவை. அந்த ஐந்தையும் நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

வேலை யாருடையது?

முதலில் கேட்க வேண்டியது, "இந்த வேலை என்னுடையதா?" என்பதே. தோட்டத்து லயத்தில் குடியிருப்போர் இதனை நன்றாக மனத்திற்கொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தொழிலாளர்களுக்கு அளித்த வீடுகளை நல்ல நிலையில் பேணும் கடமையை முதலாளியின் மீது சுமத்துகிறது. கூரை ஒழுகினாலும், சுவர் வெடித்தாலும் அது நிர்வாகத்தின் வேலை. அதற்கு ஏணியும் துளைக்கருவியும் வாங்க வேண்டியதில்லை. தேதி குறித்து எழுத்து மூலம் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பயன் இல்லையேல் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இக்காலத்தில், பட்டணத்துத் தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்களும் நம்மில் உண்டு. அவர்களுடைய நிலை வேறு. அங்கே கதவுக் கீலும் குழாயும் வீட்டுக்காரரின் பொறுப்பே. ஆதலின் வீடு மாறும்போது கருவித் தேவையும் மாறுகிறது.

அடுத்து, நம்முடைய வேலையே ஆயினும் நாம் தொடக்கூடாதவை சில உள்ளன. வீட்டு மின்கம்பி வேலை அவற்றுள் ஒன்று. பதிவு பெற்ற மின்கம்பியாளரே அதனைச் செய்தல் வேண்டும். மூன்று முள் பிளக்கின் பியூஸ் எரிந்துவிட்டால் அதே அளவுள்ள புதிய பியூஸை மாட்டலாம்; அதற்குத் திருப்புளி ஒன்று போதும். ஆனால், பியூஸுக்குப் பதிலாகக் கம்பியையோ வெள்ளித்தாளையோ செருகுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

மோட்டார் சைக்கிளின் பிரேக்கும் அத்தகையதே. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பிரேக்கைத் தாங்கும் கம்பியின் திருகாணியையும் அதனைப் பூட்டும் ஊசியையும் மறந்துவிட்டால், பிரேக் பிடிக்கும் நேரத்தில் சக்கரம் இறுகி வண்டி கவிழக்கூடும். பின்னால் மனைவியும் பிள்ளையும் அமர்ந்து வரும் வண்டி அது. அறிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும்வரை பிரேக் வேலையைப் பட்டறைக்கே விடுங்கள்.

கருவி எது?

வாங்குமுன் இருப்பதை எண்ணிப் பாருங்கள். புதிய வண்டியோடு ஒரு சிறு கருவிப்பை தருவது வழக்கம். இருக்கைக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ அது இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் ஸ்பேனரும் திருப்புளியும் பெரும்பாலும் அதில் உண்டு. பழைய வண்டி வாங்கியோர், அந்தப் பை இருக்கிறதா என்று முதலில் பார்த்தல் நலம்.

நம் நாட்டில் 'கப்சாய்' என்று வழங்கும் சிறிய வண்டிகளில் மிகப் பல ஜப்பானிய அமைப்பைக் கொண்டவை. அவற்றின் திருகாணிகளுக்கு 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் ஸ்பேனர்களே பெரும்பாலும் தேவைப்படும். இந்த ஆறும் இருந்தால் அன்றாட வேலைகள் பலவற்றைச் செய்யலாம். நூறு உருப்படி கொண்ட பெட்டியில் அங்குல அளவுக் கருவிகளும் கலந்திருக்கும். அவை உங்கள் வண்டிக்குப் பயன்படமாட்டா.

ஸ்பேனர் வாங்குகையில் வளைய வாய் கொண்டதையே தேர்ந்தெடுங்கள். அது திருகாணியின் ஆறு மூலைகளையும் பற்றும். அளவு மாற்றும் ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் நழுவித் திருகாணியின் மூலைகளைத் தேய்த்துவிடும். அவ்வாறே, ஜப்பானிய வண்டிகளின் குறுக்குத்தலைத் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. அழுத்தித் திருப்பினால் தலை சிதைந்து, ஒரு சிறு வேலை பெரிய செலவில் முடியும். ஜப்பானிய அளவுத் திருப்புளி வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மலிவான பத்துக் கருவிகளைவிடப் பொருந்தும் ஒரு கருவி மேல்.

பணம் எவ்வளவு?

2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதத்திற்கு 26 நாள் வேலை என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி ஆகிறது. ஒரு பேச்சுக்கு, கருவிப்பெட்டி ஒன்றின் விலை 260 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு நாள் உழைப்பு. அதனையே மாதம் 30 வெள்ளி வீதம் 12 மாதத் தவணையில் வாங்கினால் 360 வெள்ளி செலுத்துகிறோம். கூடுதலாகப் போகும் 100 வெள்ளி மேலும் ஒன்றரை நாள் உழைப்பாகும். ஆகவே விலைச்சீட்டை வெள்ளியில் படிக்காதீர்கள். உழைத்த நாட்களில் படியுங்கள். கடன் வாங்கிக் கருவி வாங்குதல் வேண்டாம்.

பிறகு, அந்தக் கருவியை ஓராண்டில் எத்தனை முறை எடுப்போம் என்று எண்ணுங்கள். எஞ்சின் எண்ணெய் மாற்றுவது அடிக்கடி வரும் வேலை. சங்கிலியை இறுக்குவதும் அவ்வாறே. இவற்றுக்குரிய ஸ்பேனர் தன் விலையை விரைவில் திருப்பித் தந்துவிடும். சுவரைத் துளைக்கும் மின்கருவியோ ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வந்தாலே அரிது. அதனை இரவல் பெறுவதே முறை.

காலம் எது?

எளிய விதி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழுது முதன்முறை வந்தால் பட்டறையில் கொடுத்து, அருகில் நின்று கவனியுங்கள். இரண்டாம் முறை வந்தால் கருவியை இரவல் பெற்று, தெரிந்தவர் முன்னிலையில் நீங்களே செய்து பாருங்கள். மூன்றாம் முறையும் வந்தால் அந்தக் கருவியை வாங்குங்கள். அதற்குள் வேலை திரும்பத் திரும்ப வருவது என்பதும், அது உங்கள் கைக்கு வசப்படும் என்பதும் தெரிந்திருக்கும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இருட்டில், மழையில், கடையும் ஆளும் இல்லாத தோட்டத்துச் செம்மண் சாலையில் தேவைப்படும் கருவியை மூன்றாம் முறைவரை காத்திருந்து வாங்க இயலாது. கைவிளக்கு, பிளக் ஸ்பேனர், மாற்றுப் பிளக் ஒன்று, காற்றடிக்கும் சிறு பம்பு ஆகியவை முன்கூட்டியே வண்டியில் இருத்தல் வேண்டும். ஆபத்துக்கு உதவுவது முதலில். வசதிக்கு உதவுவது பிறகு.

ஆண்டின் காலத்தையும் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்; பால் குறையும்; கையில் புழங்கும் பணமும் குறையும். அது புதிய பொருள் வாங்கும் காலமன்று. தீபாவளிச் செலவு நெருங்கும் வேளையும் அவ்வாறே. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். அதற்கு ஒரு மாதம் முன்பே டயர், சங்கிலி, விளக்கு ஆகியவற்றைப் பார்த்து, தேவையானதை வாங்கிவிடுதல் அறிவுடைமை.

இடம் எங்கே?

நம் நாட்டின் ஈரக்காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் கலத்தில் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள்.

எல்லாக் கருவியும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. 1960ஆம் ஆண்டில், நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தனித்தனியே ஒரு காணி நிலம் வாங்க இயலாத தொழிலாளர்கள் சிறுசிறு தொகையாகச் சேர்த்தனர். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினர். நிலத்தையே சேர்ந்து வாங்கியவர்களின் வழிவந்தோர் ஓர் ஏணியைச் சேர்ந்து வாங்க முடியாதா? ஒரு லயத்துக்கு, அல்லது ஒரு தெருவுக்கு ஒரு பொதுக் கருவிப்பெட்டி வைக்கலாம். ஏணி, துளைக்கருவி, பெரிய ஸ்பேனர்கள் அதில் இருக்கட்டும். யார் எடுத்தார், என்று திருப்பினார் என்பதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். உடைத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்னும் விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் பின்னர் மனத்தாங்கல் வராது. மோட்டார் வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்க்குக் கற்றுத்தரலாம். பெண்களும் இதில் சேர்ந்து பயிலுதல் வேண்டும். வண்டி ஓட்டும் தாய்மார்கள் இன்று பலர்.

அன்பர்களே, இந்த வாரமே இருக்கையைத் திறந்து உங்களிடம் என்ன கருவி உள்ளது என்று எண்ணிப் பாருங்கள். இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த ஓராண்டில் அது எத்தனை முறை தேவைப்பட்டது என்று குறியுங்கள். மூன்று கோடு விழுந்ததை வாங்குங்கள். மற்றதைப் பொதுப்பெட்டிக்கு விடுங்கள். கடைக்குப் போகும்போது கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.