கிங் ஹென்றி சாலையில் ஒரு வீடு

லண்டன் போனபோது பிரிம்ரோஸ் ஹில் பகுதியைச் சுற்றிப் பார்த்தேன். பணக்காரர்கள் வாழும் பழைய பகுதி. சால்காட் சதுக்கத்தில் 19ஆம் நூற்றாண்டு வீடுகள், வீட்டுக்கு வீடு வேறு நிறம். அழகுதான், மறுக்க மாட்டேன். ரீஜண்ட்ஸ் பார்க் சாலை 122இல் எங்கெல்ஸ் வாழ்ந்திருக்கிறார். பரவாயில்லை, நல்ல தெருவாகத்தான் பார்த்திருக்கிறார்!

நான் தேடிப் போனது கிங் ஹென்றி சாலை 10. அண்ணல் அம்பேத்கர் 1921-22இல் தங்கிப் படித்த வீடு. மகாராட்டிர அரசு 2015இல் அதை வாங்கி நினைவில்லம் ஆக்கியது. உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்தது. குடியிருக்கும் இடம் குறைகிறதாம். கூட்டம் வருகிறது, சத்தம் கேட்கிறது என்றார்கள் அக்கம்பக்கத்தார் சிலர். பொது விசாரணை நடந்து, 2020இல்தான் அனுமதி கிடைத்தது.

அவர்களுக்குச் சாதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசலில் கூட்டம் நின்றால் யாருக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த இரண்டு சொல்லையும் நான் எங்கள் ஊரில் கேட்டிருக்கிறேன். சிலை வைக்க இடம் கேட்டபோதும், ஏப்ரல் 14 ஊர்வலம் ஊர்த்தெரு வழியாகப் போகும் என்றபோதும், கூட்டம், சத்தம் என்றுதான் சொன்னார்கள். சாதி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாசலில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"சத்தமா பேசுடா, ஒண்ணும் கேக்கல" என்றார்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததிலிருந்தே நான் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.