தோள் மாறும் சிலுவை



தவக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நம் ஊர்க் கோயில்களில் சிலுவைப் பாதை செய்கிறோம். சுவரைச் சுற்றி மாட்டியிருக்கும் 14 நிலைகளின் முன்னால் முழந்தாளிட்டு, எழுந்து, அடுத்ததற்கு நகர்கிறோம். அந்த 14 நிலைகளும் எந்தத் தெருவை நினைவூட்டுகின்றனவோ, அந்தத் தெருவுக்கே இன்று போகலாம், வாருங்கள். எருசலேமின் பழைய நகரத்தில் இருக்கிறது வியா டோலோரோசா. மொத்தம் சுமார் 600 மீட்டர்தான்.

கிழக்கே உள்ள சிங்க வாசல் வழியாக நுழைந்து மேற்கே நடந்தால், இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வரும். ரோமர்களின் அந்தோனியா கோட்டை நின்ற இடம் அது. பிலாத்து இயேசுவுக்குத் தீர்ப்பளித்தது இங்கேதான் என்பது மரபு. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, கோடைகாலமானால் 4 மணிக்கு, பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கிருந்து பவனியைத் தொடங்குகிறார்கள். பழுப்பு அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு. பின்னால் பல நாட்டு மக்கள், பல மொழி ஜெபம். துறவிகளோடு போகாதவர்கள் தனித்தனிக் குழுவாக ஒரு மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

தெரு குறுகலானது, தரை முழுக்கக் கல். இருபுறமும் கடைகள். மசாலா மூட்டை, எள் தூவிய வளைய ரொட்டி, ஜெபமாலை, பிள்ளைகளின் சட்டைகள். தள்ளுவண்டிக்காரர் குரல் கொடுத்து வழி கேட்கிறார். சிலுவைக்காக யாரும் கடையை மூடுவதில்லை. இயேசு நடந்த அன்றும் பாஸ்கா விழாவுக்காகக் கூட்டம் நெரித்த நகரம்தான் இது.

இயேசு முதன்முறை விழுந்த இடத்தையும் தாயைச் சந்தித்த இடத்தையும் கடந்தால், பாதை வலப்பக்கம் திரும்பி மேடேறத் தொடங்குகிறது. அந்த முக்கில் ஒரு சின்னச் சிற்றாலயம். அதுதான் ஐந்தாம் நிலை: சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்க உதவிய இடம். எருசலேமில் பிரான்சிஸ்கன் சபையாரின் முதல் இல்லம் 13ஆம் நூற்றாண்டில் இந்த முக்கில்தான் இருந்தது.

வாசலுக்கு வலப்பக்கச் சுவரில், தோள் உயரத்தில் ஒரு கல்லைப் பாருங்கள். உள்ளங்கை பதியும் அளவுக்கு ஒரு குழி. இயேசு சாய்ந்து கை ஊன்றிய இடம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு வழவழப்பேறி, சுற்றியுள்ள கற்களைவிடக் கறுத்திருக்கிறது. கடந்துபோகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை வைத்து எடுக்கிறார்கள்.

நான் நின்று பார்த்தபோது ஒரு குழு அங்கே சிலுவையைத் தோள் மாற்றியது. அதுவரை சுமந்தவர் நெட்டை, அடுத்து வந்த பெண் குட்டை. சிலுவையின் அடிக்கட்டை தரையில் உரசிக் கரகரவென்று சத்தமிட்டது. பின்னால் வந்த இளைஞன், யாரும் கேட்காமலே, குனிந்து அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டான். சத்தம் நின்றது. சீமோன் இயேசுவுக்குப் பின்னால் சுமந்துகொண்டு போனார் என்று லூக்கா எழுதியிருப்பது எனக்கு அப்போதுதான் கண்முன் வந்தது.

யார் இந்தச் சீமோன்? இன்றைய லிபியாவில் இருந்த சிரேன் நகரத்தவர். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். விரும்பி வந்தவர் அல்லர். ஆனால் மாற்கு அவரை, அலக்சாந்தர், ரூபு இருவரின் தகப்பன் என்று அறிமுகம் செய்கிறார். வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் சொல்லியிருக்க மாட்டார். 1941இல் கெதரோன் பள்ளத்தாக்கின் ஒரு கல்லறையில், ‘சீமோன் மகன் அலக்சாந்தர்’ என்று கிரேக்கத்தில் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. மாற்கு சொல்லும் அலக்சாந்தர் இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இயேசு நடந்தது இந்தத் தெருவில்தானா என்று சிலர் கேட்பீர்கள். பிலாத்து மேற்கே யாப்பா வாசல் பக்கம் இருந்த ஏரோதின் அரண்மனையில் தீர்ப்பளித்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் பாதை வேறு திசையில் போயிருக்கும். நிலைகளின் எண்ணிக்கையும் காலந்தோறும் மாறி, 1731இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் பாப்பரசர் காலத்தில்தான் 14 என்று நிலைத்தது. அதன்பின் சிலுவைப் பாதை உலகெங்கும் கோயில்களுக்குள் பரவியது. எனக்கு இதனால் பக்தி குறையவில்லை. தன் ஊரில் இருந்தபடியே இந்தப் பாதையை நடக்க ஏழைக்கும் வழி கிடைத்தது அல்லவா!

ஐந்தாம் நிலையிலிருந்து மேடேறிப் போனால், கடைசி ஐந்து நிலைகளும் திருக்கல்லறைப் பேராலயத்துக்குள். கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டி, 335இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம். இடிந்தும் எழுந்தும் இன்று ஆறு கிறிஸ்தவ சபைகள் இதைப் பகிர்ந்து வழிபடுகின்றன. கதவின் சாவியைக் காத்துவருவதும் திறந்துவிடுவதும் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள். வாசலுக்கு வலப்பக்கம் செங்குத்தான படிகள் கல்வாரிக்கு ஏறுகின்றன. மேலே ஒரு பீடத்தின் அடியில் வட்டத் துளை. முழந்தாளிட்டுக் கையை நீட்டினால் பாறை தட்டுப்படும். வரிசை நீளமானது. முழங்கால் மடங்காத மூதாட்டியை, முன்பின் தெரியாத இருவர் கைத்தாங்கலாக இறக்கி, தொட்டு முடித்ததும் தூக்கி நிறுத்துவதை அங்கே காணலாம்.

நேயர்களே, தவக்காலம் என்றதும் நோன்பு, ஜெபம், அவரவர் பாவம், அவரவர் கண்ணீர் என்று நினைக்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவர் சொல்வதையும் கேளுங்கள்: அந்தச் சிலுவையை இன்னொரு தோளும் சுமந்தது. ஆண்டவரே ஒரு வழிப்போக்கனின் உதவியோடுதான் அந்த மேட்டை ஏறினார். அப்படியிருக்க, ‘என் பாரம், நானே சுமப்பேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று நாம் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? கைகொடுப்பது சிலுவைப் பாதையின் ஒரு பாதி. நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வது மறு பாதி. எனக்குக் கடினமாக இருப்பது இந்த இரண்டாவதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் கோயிலில் ஐந்தாம் நிலைக்கு வரும்போது, ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தோள்கொடுக்க வேண்டியவர் பெயராக இருக்கலாம். உங்களுக்குத் தோள்கொடுக்கக் காத்திருப்பவர் பெயராகவும் இருக்கலாம். கோயிலைவிட்டு இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்குப் போங்கள்.