நூலுக்குப் பகை எது?



கரிசல் மண்ணும் வறண்ட காற்றும் விருதுநகர் வட்டாரத்தின் இயல்பு. பயிர்த்தொழிலுக்கு இது குறை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் இதுவே கொடை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், சிவகாசித் தொழிலாளர் வானத்தை நோக்கிக் கவலையுறுவர். குச்சி காயாது; மருந்து உலராது. அச்சகத்திலும் இதே தொல்லைதான். ஈரம் ஏறிய தாள் விரிந்துகொடுக்கும். ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தாது. ஈரத்தின் இயல்பை இவ்வாறு அன்றாடம் அறிந்தவர்களுக்குப் பழைய நூல்களைக் காக்கும் கலை கடினமானதன்று என்பது என் எண்ணம்.

தாள், ஓலை, தோல், பசை ஆகிய யாவும் உயிர்ப்பொருள்களிலிருந்து வந்தவை. ஆதலால் அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சிற்றுயிர்களுக்கு இரையுமாகும். அறைக்காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 என்னும் அளவைக் கடந்து பல நாள் நின்றால், பூஞ்சணம் தலைகாட்டும். அதன் வித்துகள் எங்கும் மிதப்பவை. ஈரம் வரும் வரை காத்திருப்பவை. கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் இருளும் கூடிய மூலைகளையே நாடுகின்றன.

வறண்ட ஊரில் இக்கவலை இல்லை என்று எண்ணிவிடலாகாது. மிகுந்த வறட்சியில் ஓலை முறியும். மிகுந்த வெப்பத்தில், மரக்கூழால் ஆன தாளிலுள்ள அமிலம் விரைந்து வேலைசெய்து அதனைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். வறட்சியும் ஈரமும் மாறிமாறித் தாக்குவதும் பெருந்தீங்கே.

நம் முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளினிடையே வைக்கும் வழக்கம் இருந்துவந்தது. இக்காலத்திலோ, பூச்சி பற்றிய நூலை உறையிலிட்டுக் காற்றுப் புகாதவாறு மூடி, சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பூச்சியையும் அதன் முட்டையையும் அழிக்கின்றனர். ஆயினும் மருந்தும் குளிரும் இரண்டாம் இடத்தனவே. அடிக்கடி எடுத்துப் பார்க்கும் கண்ணும், புரட்டிப் படிக்கும் கையுமே முதற்காவல்.

அக்காவல் இல்லாதவிடத்து நேர்ந்ததைக் கேளுங்கள். இராசபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ளது கரிவலம்வந்தநல்லூர். அங்கே திருக்கோயிலில் வரகுண பாண்டியருடைய ஏடுகள் உள்ளன என்று கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவலோடு தேடிச் சென்றார். அவருக்குக் கிடைத்தது ஏடன்று, செய்தி. பழுதுற்றுக் குப்பையாய்க் கிடந்த சுவடிகளைச் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டனராம்! எந்தெந்த நூல்கள் அத்தீயில் மறைந்தன என்று இன்று யார் சொல்ல வல்லார்? அதைச் செய்தவர்கள் தீயவரல்லர். புண்ணியம் என்றே எண்ணினர். பூச்சி ஏட்டின் ஓரத்தை அரிக்கும். அறியாமையோ கட்டோடு அழித்துவிடும்.

இதற்கு மாறான செய்தியும் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்னும் ஓவியர் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னரும் அத்தொகுதி சிதறவில்லை. சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் அது காக்கப்படுகிறது, நுண்படமாகவும் பதிவாகியுள்ளது. மூலம் நலிந்தாலும் படி நிற்கும். சாமிநாதையர் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததும் இக்கருத்தினாலன்றோ?

நீங்கள் செய்யத்தக்கவை எளியன. நூலைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். காற்று நுழைய இடம் விடுங்கள். தரையில் குவிக்காதீர்கள். கடுவெயிலில் காயவைக்காதீர்கள். பூஞ்சணம் கண்ட நூலைப் பிற நூல்களிலிருந்து பிரித்து நிழலில் உலர்த்துங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏட்டுக்கட்டு கிடந்தால், படிக்க இயலவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கரிவலத்தில் அன்று அவ்வாறு கேட்க ஒருவர் இருந்திருந்தால், அந்த ஏடுகள் தப்பியிருக்கக்கூடும்.