கிருஷ்ணன் மறுத்த ஒப்பந்தம்



1937-இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே. ராமநாதன். பதினேழு வயதில், 1954-இல், கிருஷ்ணன் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான்.

1959-இல் டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரை வீழ்த்தினார். அமெரிக்காவின் ஜாக் கிரேமர் அவரைத் தம் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். பெரும் பணம். ஆனால் பணத்துக்கு ஆடுகிறவருக்கு அன்று விம்பிள்டனில் இடமில்லை. டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடவும் முடியாது. இருபத்திரண்டு வயது கிருஷ்ணன் வேண்டாம் என்றார்.

அதன் பலனை நாடு பார்த்தது. 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. முதலில் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்து லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள் அவர்கள்.

1966 டிசம்பர். கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை ஆட்டம், இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்து ஆடிய தாமஸ் கோச் இரண்டு செட் எடுத்துவிட்டார். நான்காவது செட்டிலும் 5-2 என்று முன்னால் இருக்கிறார். அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்று பறித்தார் கிருஷ்ணன். ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிப்போட்டிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 எனத் தோற்றாலும், கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் இணையை வென்றார்கள்.

பணத்துக்கு ஆடுகிறவரை ஒதுக்கிய அந்த விதியை டென்னிஸ் 1968-இல் கைவிடத் தொடங்கியது. ரக்பி யூனியன் 1995 வரை விடவில்லை. வேல்ஸின் ரக்பி வீரர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் மருத்துவம் படித்துக்கொண்டும் மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டும்தான் நாட்டுக்காக 55 ஆட்டங்கள் ஆடினார். இப்படிப் பணமில்லாமல் ஆடியவர்களைக் கொண்டாடுவோம். அந்த விதியைக் கொண்டாட முடியாது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையை ஆடுகளத்துக்கு வெளியே நிறுத்திய விதி அது. இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உழைப்புக்கு உரிய சம்பளத்தைத் தயங்காமல் கேளுங்கள். சேவை என்று சொல்லி அதைக் குறைக்க யாரையும் விடாதீர்கள்.

கிருஷ்ணனின் மறுப்பு வேறு வகை. போக வழியிருந்தும், எதை இழப்போம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. பிறகு சென்னையில் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷுக்குக் கற்றுக்கொடுத்தார். 1979-இல் ரமேஷும் அதே இளையோர் பட்டத்தை வென்றார்.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஆள் இருப்பதில்லை. அதனால் நம் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ ஆசிரியராகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களை மைதானத்துக்கு அனுப்புங்கள்.