சில்லிலிருந்து பனிக்கட்டிக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கல்முனையிலே ஐஸ் என்றால் மீன்பெட்டிதான் நினைவுக்கு வரும். வெயில் ஏறுமுன்னே நீராகி மணலில் மறையும் பொருள் அது. அதன்மேற் சறுக்கி ஓடுவதைப்பற்றி இந்த ஊரிலே என்ன பேச்சு என்று பெரியோர்கள் நகைக்கலாம். ஆயினும், கனடாவிலும் நோர்வேயிலும் எமக்கு உறவினர் இல்லாத தெரு உண்டா? எம்மிற் பலர் நாளை அங்கே செல்லக்கூடியவர்கள். சீமெந்துத் தரையிலே சில்லுச் சப்பாத்துக் கட்டி ஓடப் பழகியவர்கள், “சில்லிலே ஓடத் தெரிந்தவனுக்கு ஐஸ் எம்மாத்திரம்?” என்று அங்கே இறங்குவார்கள். அந்த எண்ணம் பாதி மெய், பாதி ஆபத்து. இதுவே நாம் இன்று சொல்ல வந்தது.

முதலில் மெய்யான பாதியைப் பார்ப்போம். ஒரே வரிசையிற் சில்லுகள் பூட்டிய சப்பாத்தை உலகமெங்கும் பரவச் செய்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சகோதரர்களான ஸ்கொட் ஒல்சன், பிரெனன் ஒல்சன் என்போர். ஐஸ் ஹொக்கி ஆடியவர்கள் அவர்கள். ஐஸ் இல்லாத காலத்திலும் பயிற்சி விடக்கூடாதென்றே 1980ஆம் ஆண்டளவில் அந்த முயற்சியில் இறங்கினார்கள். ஆகவே சில்லு, ஐஸுக்கு அந்நியமன்று, நெருங்கிய உறவு. முழங்காலை மடித்து நிற்பது, ஒரு காலிலே உடற்பாரத்தைத் தாங்குவது, காலைப் பின்னே உதைக்காமற் பக்கவாட்டிலே தள்ளுவது, வளைவிலே கால்மாற்றி வைப்பது ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொதுவானவை. புதிதாய்த் தொடங்குபவன் பல நாள் பாடுபட்டுப் பெறுவதைச் சில்லுக்காரன் கையோடு கொண்டு போகிறான்.

ஆபத்தான பாதி எது? நிறுத்துவது! எமது சில்லுச் சப்பாத்தின் குதிக்காலிலே ஒரு றப்பர்க் கட்டை உண்டு. காலை முன்னே நீட்டி, விரற்பக்கத்தை உயர்த்திக் குதியை அழுத்தினால் வேகம் அடங்கும். ஐஸ் சப்பாத்திலே அந்தக் கட்டை இல்லை. பழக்கத்தினாலே குதியை அழுத்தினவன் மல்லாந்து விழுவான். பிடரி கல்லைப் போன்ற ஐஸிலே மோதும். நடனச் சப்பாத்தானால் அலகின் முன்னுனியிலே பற்கள் இருக்கும். விரல்நுனியால் உந்தும் பழக்கமுள்ளவனை அவை முகங்குப்புற விழுத்தும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது எமது பழமொழி. சறுக்குவதே தொழிலாய் இறங்கியவன் நிறுத்தத் தெரியாமல் இறங்கலாமா?

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜோசப் மெர்லின் என்னும் கைவினைஞர், தாம் செய்த சில்லுச் சப்பாத்திலே லண்டன் மாநகர விருந்தொன்றில் வயலின் வாசித்தபடி ஓடி, நிறுத்த வழியின்றிப் பெரிய நிலைக்கண்ணாடியிலே மோதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஓடத் தெரிந்தது; நிற்கத் தெரியவில்லை!

ஐஸ் சப்பாத்தின் அலகு சாதாரணமாக அடியிலே சற்றுக் குழிந்திருக்கும். அதனால் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு விளிம்புகள் உண்டு. சாய்ந்து விளிம்பை ஊன்றினாற்றான் பிடி, இல்லையேல் வழுக்கல். ஆகவே முதல் நாளிலே வேகத்தை மறந்துவிட வேண்டும். வேலியோரம் மெதுவாகச் சென்று, முழங்காலை மடித்து, இரு குதிகளையும் வெளியே தள்ளி, உள் விளிம்பினாலே ஐஸைச் சுரண்டி நிற்கப் பழகவேண்டும். அது கைவந்தபின்பே ஓட்டம். தலைக்கவசமும் கையுறையும் அவசியம். அவற்றை அணிவது கோழைத்தனமன்று.

இதற்குச் சான்று வேண்டுமா? எமது ஊரைப்போலவே வெப்பமுள்ள புளோரிடா மாநிலத்திலே, ஒக்காலா நகரத்திற் பிறந்தவர் எரின் ஜாக்சன். சில்லோட்டத்திலே வல்லவரான அவர், ஐஸிலே ஏறக்குறைய நான்கு மாதப் பயிற்சியுடன் 2018ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தெரிவானார். 500 மீற்றரில் அவருக்குக் கிடைத்தது 24ஆம் இடம். நான்கு ஆண்டுகள் ஐஸையே பாடமாகக் கொண்டார். 2022இல் பெய்ஜிங்கிலே அதே ஓட்டத்தை 37.04 செக்கன்களில் ஓடித் தங்கப்பதக்கம் வென்றார். சில்லு அவரை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே அழைத்துச் சென்றது புதிய பயிற்சியே.

எமது மொழி வழங்கும் நாட்டிலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவிலே நடந்த உலகச் சில்லோட்டப் போட்டியில் 1000 மீற்றர் தங்கத்தை வென்றார். குஜராத்தின் விஸ்வராஜ் ஜடேஜா சில்லிலிருந்து ஐஸுக்கு மாறி, நெதர்லாந்து சென்று பயின்றார். வெயில் நாட்டிற் பிறந்தது தடையன்று.

வாலிப நண்பர்களே! ஊர்ப் பாடசாலையிலே முதல்வராயிருந்த நாம் பல்கலைக்கழகத்திலே மறுபடியும் முதற்பாடத்தில் உட்காருகிறோம். அது தாழ்வன்று. முன் கற்றதைக் கைவிடவும் வேண்டாம். அதையே முழுவதும் நம்பவும் வேண்டாம். பெரியோர்களே! பிள்ளைகள் ஓட விரும்பினால் மறிக்காதீர்கள். “முதலில் நிற்கப் பழகு” என்று சொல்லி அனுப்புங்கள்.