ஒரே ஒரு மைக், ஒரு கிற்றார்

பின்னேரத்தில் பலாலி வீதியால் வந்து பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்தால், ஏதாவது ஒரு வாடகை அறையிலிருந்து கிற்றார் கேட்கும். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள். என்னிடம் வருகிறவர்களில் அனேகர் கேட்பது இதைத்தான்: "அண்ணை, என்னட்ட ஒரு மைக்தான் இருக்கு. வீட்டில வைச்சு ரெக்கோர்ட் பண்ணலாமோ?"

தாராளமாகப் பண்ணலாம் தம்பி. இரண்டு மைக் வைத்தால் ஒரே சத்தம் இரண்டுக்கும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும். இரண்டையும் கலக்கும்போது ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, கிற்றார் மெலிந்து நிற்கும். ஒரு மைக்காரருக்கு அந்தத் தலையிடி இல்லை. எங்கே வைப்பது என்பது மட்டும்தான் கேள்வி.

எல்லாரும் முதலில் வைப்பது ஓட்டைக்கு நேரே. சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று நினைக்கிறார்கள். வருவது உண்மைதான், ஆனால் பெட்டிக்குள் இருக்கிற காற்று 100 ஹேர்ட்ஸ் அளவில் குமுறிக்கொண்டு அந்த ஓட்டையால்தான் வெளியே தள்ளும். அதோடு, முன்பக்கச் சத்தத்தை மட்டும் எடுக்கிற மைக்குகளைக் கிட்டக் கொண்டுபோகப் போக அடித்தொனி தானாகவே ஊதும். இரண்டும் சேர்ந்தால் பறை முழக்கம்தான். ஆகவே கழுத்து உடலோடு சேருகிற இடம், 12ஆம் கட்டையை ஒட்டி, 20 அல்லது 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பாலத்துப் பக்கம் நகர்த்தினால் மரத்தின் கடினம் வரும். தலைப்பக்கம் நகர்த்தினால் விரல் கம்பியில் வழுக்குகிற கிறீச் வரும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வேலை. கூட்டாளி ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவருக்கு முன்னால் குந்துங்கள். மற்றக் காதுதான் இப்போது மைக். தலையை மெதுவாக மேலே, கீழே, பக்கவாட்டில் கொண்டுபோங்கள். அறைக்குள் யாராவது எட்டிப் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏன் ஒரு காது? இரண்டு காதாலும் கேட்டால் மூளை கெட்டிக்காரத்தனம் பண்ணும்: அறையின் எதிரொலியை ஒதுக்கி, கிற்றாரை மட்டும் எடுத்துத் தரும். மைக்குக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது. ஒரு காதைப் பொத்தியவுடன் அறை முழுதும் உங்கள் மேல் வந்து விழும். அப்போதுதான் மைக் கேட்கிறதை நீங்களும் கேட்கிறீர்கள்.

பெருவிரல் பலமான பிள்ளை ஒருவர் வந்தார். மலிவான கிற்றார், முன்னால் எங்கே காதை வைத்தாலும் அடிக்கம்பிதான் கேட்டது. காதைப் பொத்தியபடி சுற்றிச் சுற்றிப் போனதில், அவருடைய வலத்தோளுக்கு மேலே, அவர் காதுக்குப் பக்கத்தில், எல்லாக் கம்பியும் ஒழுங்காக நின்றது. மைக்கை அங்கேயே பிடித்து, கீழே பார்க்கத் திருப்பினோம். "இப்பிடித்தான் அண்ணை எனக்கு வாசிக்கேக்க கேக்கிறது" என்றார். யோசித்தால், வாசிக்கிறவர் நாள்முழுதும் கேட்கிற இடம் அதுதானே.

அறையைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீடுகள் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். உலோகம் போலக் கிணுகிணுத்தால் அந்த இடம் வேண்டாம். அலுமாரியைத் திறந்து, அம்மாவின் சீலைகள் தெரிய வைத்து, அதற்கு முன்னால் இருந்து வாசித்துப் பாருங்கள். மெத்தையை நிமிர்த்தி வைத்தாலும் சரி. அமெரிக்காவின் கிற்றார் கலைஞர் ரொபேட் ஜோன்சன் 1936இல் சான் அன்ரோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில் பதிந்தபோது, சுவர் மூலையைப் பார்த்தபடி இருந்தாராம். தயாரிப்பாளர் டொன் லோ சொன்ன கதை. வெட்கத்தில் என்று அவர் நினைத்தார். சத்தத்துக்காக மூலையைத் தேடினார் என்று பின்னால் வந்த கிற்றார் கலைஞர்கள் வாதிடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

வெளிச்சத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பாண் ஓட்டோ பேத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் ஒன்றும் செய்ய முடியாது, பாண் வாங்குங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். ஃபானும் இல்லை, குளிர்சாதனப்பெட்டியின் முனகலும் இல்லை. பற்றறியில் ஓடுகிற மடிக்கணினியோடு அந்த இரவுகளில் நான் பதிந்தவைதான் என்னிடம் இருக்கிற மிகச் சுத்தமான பதிவுகள், நம்புங்கள். இன்றைக்கும் பதியும் நேரத்தில் ஃபானை நிற்பாட்டிவிடுங்கள். வியர்க்கும், பரவாயில்லை.

கண்ணாடிக்கு அங்காலே தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். ஆகவே மிச்சத்தை ஓட்டமாய்ச் சொல்கிறேன்: எங்கள் காற்றில் கம்பி சீக்கிரம் கறள் பிடிக்கும், பதிவுக்கு முதல்நாள் புதுக்கம்பி போடுங்கள். ஒவ்வொரு முறை வாசிக்க முன்னும் சுருதி பாருங்கள். அளவுமானியில் உச்சம் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்ட விடாதீர்கள், சத்தத்தைப் பிறகு கூட்டலாம். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ற் பொத்தானை அமுக்க மறக்க வேண்டாம்.

பக்கத்து உரும்பிராயில் பிறந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடித்தான் இலங்கைத் தமிழ்த் துள்ளிசைக்கு வழி திறந்தார். அந்த வழியில் நீங்கள் பதிகிறதை இந்த நிகழ்ச்சிக்கு அனுப்பினால் அடுத்த முறை ஒலிபரப்பலாம் என்ற ஆசையும் எனக்கு உண்டு. அனுப்பும்போது மைக்கை எங்கே வைத்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.