கல்லிலும் மரத்திலும் ஒரு கல்வி
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தாலி தேசத்தில் பயிலும் மாணவர்கள் விடுமுறை நாட்களில் புளோரன்சுக்கும் உரோமாபுரிக்கும் சென்று சித்திரமும் சிற்பமும் கண்டு வருகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே அரசாங்க நூதனசாலைகளில் கட்டணமும் இல்லை. அந்தப் பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குவோர் நம்மிடையே உண்டு. கண்டியில் இருந்துகொண்டு இப்படி ஏங்குவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதற்கு ஒப்பாகும்.

பேராதனையைத் தாண்டிக் கொழும்பு வீதியிலே பிலிமத்தலாவைக்குச் சென்று தெற்கே திரும்பினால், கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே என்னும் மூன்று தலங்களையும் ஒரே நாளில் தரிசிக்கலாம்.

கடலாதெனிய விகாரை, நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், கல்லால் எழுப்பப்பட்டது. அதன் தூண்களைக் காணும்போது தென்னாட்டுக் கோயிலொன்றில் நிற்பதாகவே தோன்றும். அதை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது.

அதே காலத்தில் அமைச்சர் சேனாலங்காதிகாரர் கட்டுவித்தது லங்காதிலக. புத்தர் பெருமான் எழுந்தருளியிருக்கும் அவ்விடத்திலேயே கணபதிக்கும் கந்தனுக்கும் இடமுண்டு. அங்குள்ள பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள்.

எம்பக்கேயில் குடிகொண்டிருப்பவர் கதிர்காமத் தெய்வம், நம் முருகனேதான். மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், அன்னம், இருதலைப் புள், பாலூட்டும் தாய் எனச் சிற்பங்கள் நிறைந்துள்ளன. கூரையின் 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கும் நுட்பம் வியக்கத்தக்கது.

இவற்றின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி. அவர் படித்தது இலண்டனில். கண் திறந்து பார்த்தது கண்டி நாட்டில். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர், கிராமத்துக் கைவினைஞரையும் கண்டறிந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். தமிழர் ஒருவர் சிங்களக் கலைக்குச் செய்த தொண்டு அது.

அன்பர்களே, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாறையில் இரு மொழிகள் அருகருகே இருந்தன. 1956இலோ சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1983இன் தீயையும் நாடு கண்டது. தமிழும் அரசகரும மொழியாக 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. பாறை அறிந்திருந்ததைச் சட்டம் மறந்திருந்தது!

ஆகவே, அங்கே உரிமை கொண்டாடச் செல்லவேண்டாம். இரு இனத்தாரும் கூடிச் செய்த வேலையைக் காணச் செல்வோம். சிங்கள நண்பர்களையும் உடன் அழைப்போம். அவர்கள் தம் சாசனத்தை வாசிக்கட்டும், நாம் நம்முடையதை வாசிப்போம். பெரியோர்கள் முன்னே நடந்து வழிகாட்டவேண்டும் என்று வேண்டி அமர்கிறோம்.